கட்டடம் போன வழி

"சேர், உங்கட கட்டடத்தக் காணல்ல."

சொன்னவர் பக்கத்து ஊர்க் கிராம சேவகர் நல்லரத்தினம். முந்தின நாள் நிவாரண லொறியோடு அந்தப் பக்கம் போய் வந்தவர்.

கனகசூரியத்துக்கு விளங்கவில்லை. "செல் குண்டு விழுந்து உடைஞ்சு போச்சா?"

"உடைஞ்சா பலகையும் தகரமும் கிடக்குமே. சீமெந்து நிலம் மட்டும்தான் இரிக்கி. கூட்டித் துடைச்ச மாதிரி."

கனகசூரியம் கல்விக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அந்த விவசாய விஞ்ஞானக் கூடம் அவர் கையால் வரைந்தது. வாவிக்கு மேற்கே, வட்டை வயல்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். இரும்புக் குழாய்ச் சட்டம், பலகைச் சுவர், எல்லாம் நட்டும் போல்ட்டும். ஒரு பக்கச் சுவரைத் தூக்கிவிட்டால் வெயில் உள்ளே வரும், நாற்று வளர்க்கலாம். இறக்கிவிட்டால் பரிசோதனைக் கூடம். நடுத்தட்டியைக் கழற்றினால் ஊர் வெள்ளாமைக்காரர் அத்தனை பேரும் இருந்து பாடம் கேட்கலாம்.

"இது பள்ளிக்கூடமா, கலியாணப் பந்தலா?" என்று கந்தோரில் சிரித்தார்கள். மூன்று வருடம் நடையாய் நடந்துதான் அனுமதி வாங்கினார். திறந்து எட்டு மாதம் ஆகவில்லை, இரண்டு கிழமைக்கு முன் சண்டை மூண்டு செல்லடி தொடங்கிவிட்டது. ஊரே வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு ஓடி வந்துவிட்டது.

"ஆர் எடுத்த?"

நல்லரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "சனம் ஓடக்குள்ள அழகரத்தினம் கூரையில ஏறி நிண்டு ஸ்பானரால கழட்டினவராம். கண்டவங்க சொல்றாங்க."

அழகரத்தினம் அந்த ஊர் இரும்புப் பட்டறைக்காரர். கூடத்தைப் போல்ட் போட்டுப் பூட்டியவரே அவர்தான். எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

கனகசூரியம் சாவியைக் கையில் எடுத்தார். ஊர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற நேரம் தகரம் திருடவும் ஒரு மனிசனுக்கு மனம் வருமா?

"ஆள் எங்க இப்ப?"

"களுதாவளைப் பக்கம் ஒரு முகாமில இரிக்காராம்."

மோட்டார் சைக்கிளை உதைத்தார். பொலிசில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனத்துக்குள் எழுதிக்கொண்டே போனார்.

முகாம் ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. கூடாரங்கள் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தியவர் இறங்க மறந்து அப்படியே இருந்துவிட்டார்.

அவருடைய கட்டடம் அங்கே நின்றது.

ஆனால் அவர் வரைந்தபடி இல்லை. அவர் வரைந்தது நேர்கோடு. இது இரண்டு தென்னைகளைச் சுற்றி வளைந்து நின்றது. ஒரு மரத்தையும் தறிக்கவில்லை. கிழக்குச் சுவரைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் கீழ் பால்மா ரின்களில் இப்போதுதான் முளைத்த மிளகாய்க் கன்றுகள். உள்ளே பெரிய வகுப்புப் பிள்ளைகள் முகாம் மண்ணைப் போத்தல் தண்ணீரில் கலக்கி, உப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் சின்ன வகுப்பு, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

கனகசூரியம் மெல்லக் கிட்டப்போய் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். கோயில் தூணைத் தொடுகிற மாதிரித்தான் தொட்டார். இந்தக் கட்டடம் வளையும் என்று வரைந்த அவருக்கே தெரியாது.

அழகரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சேர், கோவிக்காதீங்க. நாலு போல்ட் குறையிது. வாவிக்குள்ள விழுந்திற்று."

வைய வந்த கனகசூரியம் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"செல் விழக்குள்ள தனியாளா கழட்டினீங்க?"

"நான் கழட்டிக் குடுத்தது மட்டும்தான். தூக்கிக் கொண்டு வந்தது ஊர்ச் சனம்."

"ஆர் சொல்லி?"

"ஆரும் சொல்லல்ல சேர். நான் மேல நிண்டு ஒரு தகரத்தக் கழட்டினன். கீழ பாத்தா, வாங்கிறதுக்கு வரிசையா நிக்காங்க."

கனகசூரியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியதை அழகரத்தினம் பார்க்கக் கூடாது.

திரும்பிய பக்கத்தில் கூடாரங்கள். அப்போதுதான் கவனித்தார். ஒரு கூடாரத்திலும் பாய் இல்லை, பெட்டி இல்லை. பிள்ளைகள் சிரட்டையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், ஆச்சிப்பிள்ளை என்று பேர், வெட்டிய எண்ணெய்த் தகரத்தில் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு மனம் கேட்கவில்லை.

"என்ன தங்கச்சி, ஊரிலயிருந்து ஒரு சட்டி பானை, ஒரு பாய்கூட எடுத்து வரல்லயா?"

ஆச்சிப்பிள்ளை துழாவுவதை நிறுத்தாமல், பள்ளிக்கூடப் பக்கம் கையை நீட்டினாள்.

"பிள்ளையள் ஏறின பிறகு தோணியில ஒரு சாமானுக்குத்தான் இடம் இரிந்திச்சு ஐயா. எங்கட தோணியில வந்தது அந்தா, அந்த மூலைச் சுவர்."