சமாதானம் செய்ய வந்தவள்

தங்கை மகளுக்கு மறுநாள் பாளையங்கோட்டையில் கல்யாணம். ஆவுடையப்பன் கோபித்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். டொராண்டோவில் இருக்கும் தங்கை, தாய்மாமனான அவருக்குச் செல்பேசியில் பத்திரிகையை அனுப்பிவிட்டாள். நேரில் அழைக்காமல் போனால் குடும்ப மானம் என்னாவது?

முந்தின நாள்தான் ஊர் வந்து இறங்கிய தங்கைக்கு நேரமில்லை. உறவினரைச் சமாதானம் செய்யும் நிறுவனத்தில் பதிவு செய்தாள். காலையில் அந்த நிறுவனம் அனுப்பிய பெரு நாட்டுப் பெண் மர்செலா பட்டுச்சேலையும் வெற்றிலைத் தட்டுமாக வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நீங்க இல்லாம பந்தல்ல யாரு நிப்பா? பெரிய மனசு பண்ணி வாங்க.”

அச்சு அசலான நெல்லைப் பேச்சு. அவருக்கு உள்ளே குளிர்ந்தது. ஆனாலும் உடனே மசிவது மரியாதையா? முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மர்செலா தட்டை ணங்கென்று தரையில் வைத்தாள்.

“கடல் தாண்டி வந்திருக்கேன். வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னியளா? குடிக்கத் தண்ணி குடுத்தியளா?”

அழுதுகொண்டே தெருவில் இறங்கிவிட்டாள்.

“நல்லாருக்கு. இனி பெரு தேசம் பூரா நம்மளக் காறித் துப்பும்” என்றாள் மனைவி கோமதி.

யாரிடமும் இறங்கிப் பேசியறியாத ஆவுடையப்பன் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார்.

“தப்புதாம்மா. கோவிச்சுக்காம வீட்டுக்கு வா.”

“நாளைக்கு நீங்க கல்யாணத்துக்கு வருவியளா?”

“வாரேன். சத்தியமா வாரேன்.”

மர்செலா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். “மாமா முடிஞ்சுது. அடுத்து தூத்துக்குடிப் பெரியப்பாதானே?”

ஆவுடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டார்.

“அந்த மனுசன் என்னை மாதிரி இல்லம்மா. அங்க நீ தெருவுல உருண்டு அழணும்.”