பன்னிரண்டாம் தேதி

"முடியாது. பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான்" என்றார் கிலியன், எழுதுவதை நிறுத்தாமலே.

எங்கள் ஊரை ஆளுகிற பிஷப்பின் குமாஸ்தா அவர். போப்பாண்டவரை ஏற்காத லுத்தரன்கள் எல்லாரும் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஊரைக் காலி செய்யணும் என்று பிஷப் சொல்லிவிட்டார். வீட்டுக்கொரு உத்தரவாக இவர் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்.

எதிரே நின்றவன் பீப்பாய் செய்கிற எண்ட்ரஸ். கிலியனுக்கு அடுத்த வீட்டுக்காரன்.

"ஐயா, என் பொண்டாட்டி ஊர்சுலாவுக்கு மாசம் நெருங்கிடுச்சு. வெளியில முழங்கால் அளவு பனி. ஒரு பத்து நாள் தள்ளிக் கொடுத்தா..."

"மனசு மாறி பூசைக்கு வந்துடு. நூறு வருஷம் இருக்கலாம்."

"அது மட்டும் என்னால ஆகாதுங்க."

"அப்ப வண்டியைக் கட்டு."

பக்கத்தில் நின்ற நாங்கள் கத்தோலிக்கர்கள்தான். எங்களுக்கே பொறுக்கவில்லை. இவரெல்லாம் ஒரு மனுஷனா?

போப்பாண்டவர் புது நாள்காட்டி கொண்டுவந்து ஒரே ராத்திரியில் பத்து நாளை முழுங்கினார். நாங்கள் வாயை மூடிக்கொண்டு தேதியை மாற்றிக்கொண்டோம். லுத்தரன்களோ, போப் கொடுத்தால் சூரிய வெளிச்சமும் வேண்டாம் என்று பழசையே பிடித்துத் தொங்கினார்கள்.

எங்கள் கிறிஸ்துமஸ் அன்று எண்ட்ரஸ் பட்டறையில் டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்று டிசம்பர் பதினைந்துதான். கிலியன் நேரே போய் சுத்தியலைப் பிடுங்கி வந்துவிட்டார். "இந்த ஊருக்கு ஒரே தேதிதாண்டா" என்றார்.

பிப்ரவரி பன்னிரண்டு காலையில் சிப்பாய்கள் வந்தார்கள். உள்ளே ஊர்சுலாவுக்கு வலி எடுத்திருந்தது. எண்ட்ரஸ் வாசலை மறித்து நின்றான்.

"பொம்பளையைத் தூக்கி வண்டியில ஏத்துங்க. வலி வண்டியிலயும் எடுக்கும்" என்றான் சிப்பாய்த் தலைவன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிலியன் வந்தார். போச்சு, இவர் வேறயா என்று நினைத்தோம்.

"உத்தரவைக் காட்டு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பிப்ரவரி பன்னிரண்டுன்னுதான் இருக்கு. எந்த நாள்காட்டின்னு இல்லையே."

"மத்த எல்லா உத்தரவுலயும் 'புது நாள்காட்டிப்படி'ன்னு நீங்கதானே ஐயா எழுதியிருக்கீங்க?"

"இதுல விட்டுப்போச்சு. வயசாகுதில்ல."

"சரி, புதுசுதானே. ஊருக்கே ஒரே தேதிதான்னு சொல்வீங்களே."

"அது நமக்குப்பா. போப்பாண்டவர் ஆசீர்வதிச்ச தேதியை பூசைக்கு வராத இந்தப் பதிதனுக்குக் கொடுத்துட்டு நான் நரகத்துக்குப் போகவா? இவனுக்கு இவன் தேதிதான். அதுல இன்னிக்கு ரெண்டு. பத்து நாள் கழிச்சு வா."

சிப்பாய்த் தலைவன் தலையைச் சொறிந்தான். போப்பாண்டவர் பெயரையே எடுத்துவிட்டாரே. ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பினான்.

"ஏம்ப்பா" என்று கிலியன் கூப்பிட்டார். "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. பிள்ளை பிறக்கிற வீடு, பனிக்காத்து ஆகாது."