பதினைந்து எண்ணும்வரை

முக்காலியின் முன்கால்கள் இரண்டையும் அவள் இறுகப் பிடித்திருந்தாள். நெற்றி மணலைத் தொடும் அளவுக்குக் குனிந்திருந்தாள்.

மேலே மரப்பெட்டி. பெட்டிக்குள் ஈரக் கண்ணாடி.

நாகப்பட்டினத்துக் கடற்காற்று பெட்டியைத் தள்ளிப் பார்த்தது. அவள் விடவில்லை.

எதிரே இருபதடியில் அவள் புருஷன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பினாங்குக் கப்பல்.

நிமிர்ந்தால் அவனைப் பார்க்கலாம்.

நிமிர்ந்தால் பெட்டி ஆடும்.

எட்டு நாளாக இந்தப் படமெடுக்கும் துரையின் கறுப்புக் கூடாரத்துக்குத் தண்ணீர் சுமக்கிறாள். பார்த்துப் பார்த்தே விஷயம் பிடிபட்டுவிட்டது. கண்ணாடியில் பசை போல ஒன்றை ஊற்றி, மருந்தில் முக்கி, ஈரம் காய்வதற்குள் பெட்டியில் வைக்க வேண்டும். மூடியைக் கழற்றினால் பெட்டி பார்க்கத் தொடங்கும். நம் கண்ணைப் போலச் சட்டென்று பார்க்காது. நிதானமாகப் பார்க்கும். பதினைந்து எண்ண வேண்டும். அதுவரை அசையாதது பதியும். அசைவது கரைந்துபோகும்.

இரண்டாம் நாள் கடைத்தெருவை எடுத்தார். நூறு பேர் நடமாடிய தெரு. கண்ணாடியில் ஓர் ஆளும் இல்லை. கல்மேல் தூங்கிய நாய் மட்டும், காது மடிப்புவரை அச்சாக இருந்தது.

இன்று துரை எடுக்க வந்தது கப்பலை. முன்னால் தன் புருஷனை நிறுத்திக்கொள்ளும்படி சைகையிலேயே கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவனிடமும் சொல்லிவைத்தாள்.

"பதினஞ்சு எண்ணுற வரைக்கும் இமைகூடக் கொட்டாதீங்க. அசைஞ்சீங்க, ஆளே இல்லாமப் போயிடுவீங்க."

சோறு தின்னும்போதுகூடத் தொடையை ஆட்டுகிறவன். சிரித்தான்.

"என்னைய ஒரு இடத்துல நிக்க வைக்க வெள்ளக்காரன் வர வேண்டியிருக்கு பாரு, புள்ள."

பினாங்குக்குக் கூலியாகப் போனால் மூன்று வருஷம். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு.

துரை மூடியைக் கழற்றினார். தன் பாஷையில் எண்ணினார். அவள் தன் பாஷையில் எண்ணினாள்.

படகுக்காரர்கள் கூவினார்கள். காலடிகள் ஓடின.

அவள் மணலையே பார்த்தாள்.

பதின்மூன்று. பதினான்கு.

பதினைந்து.

மூடி திரும்பப் பொருந்தியது. துரை கண்ணாடியோடு கூடாரத்துக்குள் ஓடினார். அவளும் குடத்தோடு பின்னால் ஓடினாள். மருந்தில் படம் எழும்பியதும் தண்ணீர் விட வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் எல்லாம் கறுத்துவிடும்.

வெளியே வந்தபோது, அவனைக் கப்பலுக்கு ஏற்றிப்போன படகு அலைகளைத் தாண்டியிருந்தது. தலைகள் தெரிந்தன. எல்லாம் ஒரே மாதிரித் தலைகள்.

துரைக்குத் திருப்தியில்லை. படத்தில் கப்பல் அலையில் ஆடிப் புகையாகியிருந்தது. ஆகாத கண்ணாடியைச் சுரண்டிக் கழுவுவது அவள் வேலை.

இதைக் கழுவவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

துரை அவளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கண்ணாடியை வாங்கி உலர்த்தி, விளக்கில் இளஞ்சூடாக்கி, குங்கிலிய மெருகை ஊற்றினார்.

வைத்துக்கொள்ளும் படங்களுக்கு மட்டும் ஊற்றுவது அது.

வெறும் கண்ணாடியில் அவன் வெளுத்திருந்தான். வேட்டி கறுத்திருந்தது. துரை அடியில் கறுப்புத் துணியை வைத்தார். நிறங்கள் இடம் மாறின.

அவனேதான். மீசை. வெட்டுப்பட்ட புருவம். காலடியில் மூட்டை.

இமை கொட்டவில்லை.

ஒரு கை மட்டும் உயர்ந்திருந்தது. முழங்கைவரை இருந்தது. அதற்குமேல், ஆட்டிய கை இல்லை. கடல்தான் தெரிந்தது.

துரை அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினாள்.