தனிப் படகு

"துணிமணி கம்மியா எடுத்துக்குங்க டீச்சர். ஆனா மம்முட்டி ஒண்ணு கட்டாயம் வேணும்" என்றார் பஞ்சநதம்.

ஆனந்தம் டீச்சர் கணவரைப் பார்த்தார். ராமச்சந்திரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாலத்தீவுக்கா? மண்வெட்டியா?"

"ஆமா சார். அது இல்லாம நான் தவிச்சுப் போயிட்டேன்."

பஞ்சநதத்தின் மனைவி பிரகதாம்பாள் முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

குத்தாலத்தில் இவர்களுக்குத் தெரிந்து மாலத்தீவைப் பார்த்தவர் பஞ்சநதம்தான். துபாயில் வேலை பார்க்கும் மகன் ராஜராஜன் போன வருஷம் அப்பா, அம்மாவைக் கூட்டிப் போயிருந்தான். இப்போது டீச்சரின் மகள் ஸ்ம்ருதி, அதே விடுதியில் பெற்றோருக்கு அறை பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் என்றாலே நடுங்கும் ராமச்சந்திரன், "பஞ்சநதம் சரின்னா போகலாம்" என்று சொல்லிவிட்டார். ரிட்டயர் ஆனதிலிருந்து அந்தக் கண்ணாடிக் கடலைச் செல்போனிலேயே பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த டீச்சர், காலையிலேயே அவரை இங்கே இழுத்து வந்துவிட்டார்.

"படகு ரொம்ப ஆடுமா? உண்மையை மட்டும் சொல்லுங்க. பொய் சொன்னா எனக்கு ஆகாது."

"தெரியாதா டீச்சர்? வயித்துவலின்னு புளுகின எம் பையன மத்தியானம் வரைக்கும் பெஞ்சு மேல நிக்க வச்சவங்களாச்சே! ஆடத்தான் செய்யும். வெறும் வயித்துல ஏறாதீங்க. முட்ட முட்டத் தின்னுட்டும் ஏறாதீங்க."

"வெயில்?"

"உச்சி வெயில்ல வெளியே வராதீங்க. வெள்ளைக்காரன் மணல்ல படுத்துக் கெடப்பான். நம்ம வயல்ல சும்மா கெடைக்கிற வெயிலுக்கு அவன் டிக்கெட் போட்டு வர்றான், பாவம். காலுக்கு ரப்பர் செருப்பு முக்கியம். பவளப்பாறை பிளேடு மாதிரி கிழிச்சுடும். சார், வேட்டியோட கடல்ல எறங்காதீங்க. வேட்டி மேல மெதக்கும், நீங்க கீழ இருப்பீங்க."

ராமச்சந்திரன் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அது சரி, மம்முட்டி எதுக்கு?"

பஞ்சநதம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விடியக்காலம் எந்திரிச்சுப் பாக்குறேன், அங்க இருக்கிற குளத்துல ஒரு பக்கத்துக் கரையவே காணும். உடைப்பு! தண்ணி பூரா வழிஞ்சு கடலுக்குப் போவுது. மேட்டூர்ல எப்பத் தொறப்பாங்கன்னு டிவியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறவன் சார் நான். மனசு கேக்குமா? தலகாணி உறையெல்லாம் உருவினேன். சோத்துக் கரண்டியால மணல அள்ளி ரொப்பினேன். வெள்ளைக்காரங்க நாலஞ்சு பேரு ஜட்டியோட ஓடிவந்து மூட்டை தூக்கினாங்க. டிபன் நேரத்துக்குள்ள சொட்டுத் தண்ணி வெளிய போவல!"

"அடேயப்பா!"

"மேனேஜர் ஓடி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிடுச்சு. பேச்சே வரல. என்னைப் போட்டோ வேற எடுத்தாங்க. அன்னைக்கே எனக்குன்னு தனிப் படகு விட்டு ஏர்போர்ட்டுக்கு அனுப்பினாங்கன்னா பாத்துக்குங்களேன். இவளும் பையனும் மிச்ச நாளையும் இருந்துட்டு, எல்லாரும் போற படகுலதான் வந்தாங்க."

ராமச்சந்திரனுக்கு மார்பு விம்மியது. "நம்ம ஊர்க்காரருக்கு இவ்வளவு மரியாதைன்னா எனக்கென்ன பயம்? ஆனந்தம், போகலாம்!"

டீச்சரின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் செல்போன் அடித்தது. ஸ்ம்ருதி.

"அம்மா, ஒரு சிக்கல். அந்த விடுதியில கரையே தெரியாம கடலோட சேர்ந்து வழியற மாதிரி ஒரு நீச்சல்குளம் கட்டியிருக்காங்க. அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வராங்களாம். போன வருஷம் யாரோ ஒருத்தர் மணல் மூட்டை போட்டு அதை அடைச்சு, டைனிங் ஹால் பூரா முழங்கால் தண்ணியாம்! நம்ம அட்ரஸ்ல குத்தாலம்னு பார்த்ததும் அவரோட போட்டோவை அனுப்பி, தெரிஞ்சவரான்னு கேக்கறாங்க. தெரிஞ்சவர்னா ரூம் கிடையாதாம். என்னம்மா சொல்றது?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"காம்பக் கழட்டிட்டா பெட்டியில அடங்கிடும் சார்" என்று ராமச்சந்திரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார் பஞ்சநதம்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அப்படி ஒருத்தரை நாங்க பார்த்ததே இல்லைன்னு சொல்லிடுடி."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், காபி ஜாடியோடு பக்கத்திலேயே நின்றாள் பிரகதாம்பாள். அவள் காதில் எல்லாமே விழுந்திருந்தது. டீச்சருக்கு வேர்த்துவிட்டது.

பிரகதாம்பாள் குனிந்து டம்ளரை நிரப்பியபடி கிசுகிசுத்தாள்.

"சங்கடப்படாதீங்க டீச்சர். அன்னைக்கு மேனேஜர் வந்து கேட்டப்ப நானும் அதத்தான் சொன்னேன்."