பூஜ்யத்தை அழுத்தவும்

பம்புசெட் கம்பெனியில் பதினெட்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ஜெசிந்தாவை, இன்டர்நெட் போன் வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன், அழைப்பவர்களைத் தானாக வரவேற்க அவள் குரலைப் பதிவு செய்துகொண்டார்கள். "சிரிச்சுட்டே பேசுங்க, கேக்கறவங்களுக்குத் தெரியும்" என்றார் மேனேஜர். சிரித்தாள். அவள் வேலையில் இருந்தபோது, லீவு நாளிலும் அழைப்பு தவறக்கூடாதென்று ஆபரேட்டருக்கு வருவதையெல்லாம் அவள் செல்போனுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அதை மட்டும் மாற்ற மறந்துபோனார்கள். மூன்று வாரமாக, மோட்டார் ஓடவில்லையென்று யார் யாரோ அவளைத் திட்டினார்கள். "நான் இப்ப அங்க வேலையில இல்லைங்க" என்றால் ஒருவரும் நம்பவில்லை. சற்றுமுன் வரவேற்ற அதே குரல்தானே. அவள் நம்பரைப் பார்த்தால் மேனேஜர் எடுப்பதில்லை. இன்று கணவருடைய போனிலிருந்து கம்பெனிக்கு அடித்தாள். "வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று அவளே அவளிடம் சிரித்தாள். விற்பனைக்கு ஒன்று, சர்வீசுக்கு இரண்டு, ஆளோடு பேசப் பூஜ்யம். பூஜ்யத்தை அழுத்தினாள். மேசைமேல் அவள் செல்போன் அடித்தது. இரண்டையும் பார்த்தபடி நின்றாள்.

"எடுத்து ஒரு பதில் சொல்லு ஜெசி" என்றார் குளியலறையிலிருந்து கணவர். "யாரோ பாவம், எவ்வளவு நேரமா காத்துட்டிருக்காங்களோ."