இறுகிய மூடி

"இந்த மூடியை யார் திறந்தா?"

"நான்தான்."

"நீயா?"

"பின்ன, போலீஸைக் கூப்பிட்டா திறப்பாங்க?" என்றபடி வீட்டுக்காரி காபித்தூளை அளந்து போட்டாள்.

கேட்டவர் அவள் புருஷன், குழாய்க்காரர். அவர் வாயை மூடினால்தான் சந்தேகம் உள்ளே வந்து கால் நீட்டி உட்காரும்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எந்த மூடி இறுகினாலும், "என்னங்க, கொஞ்சம் வாங்க" என்ற குரல்தான் முதலில் வரும். ஒருநாள் அவர் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு அந்தக் குரல் வரவேயில்லை. இனி இந்த ஆள் எதற்கும் ஆகமாட்டான் என்று முடிவு கட்டிவிட்டாளோ? அவருக்கே அந்தப் பயம் இருந்தது. கதவுக்குப் பின்னால் கிடந்த கருவிப் பையை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கைக்குப் பலம் வர, ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாள். "பந்து விளையாட நான் என்ன பச்சைப் பிள்ளையா?" என்று அன்றைக்கே அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

அந்த மூடிப் பேச்சுக்கு மறுநாள் காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சமையலறைக்குள் நுழைந்தார். காபித்தூள் பாட்டிலின் மூடியை இறுக்கினார். வலது கையால்தான். இடது கையால் இறுக்குவது தொழிலுக்கே அவமானம். நரம்பு சுண்டி இழுத்தது. கூப்பிடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

காபிதான் வந்தது.

அடுத்து சர்க்கரை, உப்பு, மிளகு எல்லாவற்றையும் இறுக்கினார். எல்லாம் திறந்தன. போதாததற்கு அவள் பாட்டு வேறு முணுமுணுத்தாள்.

மேல்மாடியில் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவன் குடியிருந்தான். அவன் புஜம் தனியாக ஒரு ஆள் மாதிரி இருக்கும்.

"மேல் வீட்டுப் பயில்வான் வந்தானா?"

"அந்தத் தம்பி எதுக்கு இங்க வரணும்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது?"

அதற்குப் பிறகு அவர் காலையில் கண் விழிப்பதே மூடிகளுக்காக என்றாயிற்று. கடைசிச் சுற்றில் கண்ணாடி கிறீச்சிடும்போது, வெளியில் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம். 'இன்னிக்கு எவன் திறக்கிறான்னு பாப்போம்.'

ஆஸ்பத்திரிக்கு மறு பரிசோதனைக்குப் போனார்கள். பயிற்சிப் பெண் ஒரு கருவியைப் பிடித்து அழுத்தச் சொன்னாள். முள் விறுவிறுவென்று ஏறியது.

"அடேங்கப்பா! பந்தை விடாம அமுக்கியிருக்கீங்க போல. நாளைக்கே வேலைக்குப் போகலாம், ஐயா!"

குழாய்க்காரர் தரையைப் பார்த்தார்.

"பந்தா? அது கட்டிலுக்கடியில தூசி பிடிச்சுக் கிடக்கு" என்ற வீட்டுக்காரி, கைப்பையிலிருந்து அவருடைய பைப் ரெஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் பல்லில் பழைய துணி சுற்றியிருந்தது. "இவரு சொன்னா செய்ய மாட்டாரும்மா. சந்தேகம் வந்தா தினமும் செய்வாரு. இதை வச்சு மூடியெல்லாம் திறந்து திறந்து எனக்குத்தான் கை போச்சு."

ரெஞ்சு இப்போது அவரோடு வேலைக்குப் போகிறது. மூடிகளை அவரே இறுக்கி அவரே திறக்கிறார். ரப்பர் பந்து அவளிடம் இருக்கிறது.