மெஷின் இழுக்குது

"எரிஞ்சு போயிடாதா?" என்று கேட்டார் கிழவர்.

இதே கேள்வியைக் காலையிலிருந்து எத்தனை தடவை கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

மேசைமேல் கம்ப்யூட்டர் பெட்டி வயிறு திறந்து கிடந்தது. அதற்குள் தலையை விட்டிருந்தவள் கிழவரின் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்ப்பாள் என்பதால் அந்தக் காலத்தில் 'நட்டு' என்று பேர் வைத்தார்கள். இப்போது ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். பேர் மட்டும் மாறவில்லை.

"எரியாதுப்பா. சூடு தாண்டினா அதுவே அணைஞ்சிடும்."

"அணைஞ்சா திரும்ப வருமா?"

"வராம எங்க போகும்?"

கிழவர் உதட்டைப் பிதுக்கினார். ஆலையில் பாய்லர் ஓட்டியவர் அவர். சிவப்புக் கோட்டைத் தாண்டிய முள் யார் பேச்சையும் கேட்காது என்று கண்ணால் பார்த்தவர்.

வேலையை ஏவிவிட்டவள் மகள். கடல் தாண்டி இருக்கிறாள். புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றார். நல்ல போனாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதுவும் வேண்டாம். இவரிடம் இருப்பது பொத்தான் போன். அதில் கூப்பிட்டால் அம்மா குளித்துக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஆகவே அம்மா முகத்தைப் பார்க்க மகளுக்கு இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரை விட்டால் கதியில்லை. அதுவோ நொண்டும். படம் பாதியில் உறையும். மகள் ஒன்று கேட்டால் அம்மாவின் பதில் வர ஒரு யுகம். வந்தாலும் கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்.

"மெஷின் இழுக்குதும்மா" என்பார் கிழவர்.

மகள் அங்கே தலையில் அடித்துக்கொள்வாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு" என்றாள் நட்டு. "பிராசசர்தான் மூச்சு வாங்குது. கம்பெனிக்காரன் வெச்ச வேகத்துக்கு மேல கொஞ்சமே கொஞ்சம் ஓட்டப் போறேன். ஓவர்கிளாக்னு பேரு."

"கிழட்டு மாட்டைத் தார்க்குச்சியால குத்துறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு."

அவள் சிரித்தாள். கை நிற்கவில்லை. படங்களையெல்லாம் முதலிலேயே வேறிடத்தில் பத்திரம் பண்ணிவிட்டாள். விசிறிக்குள் தலையணைப் பஞ்சாக அடைத்திருந்த தூசியைப் பிடுங்கினாள். பிராசசர் தலையில் காய்ந்து பொருக்கு விட்டிருந்த சூட்டைக் கடத்தும் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை ஒரு பொட்டு வைத்தாள்.

பிறகு வேகத்தை ஒரு சிட்டிகை ஏற்றினாள்.

திரை ஓரத்தில் சூடு எண்ணாக ஓடியது. கிழவர் கண் அதை விட்டு அகலவில்லை.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியையும் அணைத்தார்.

"என்னப்பா?"

"குளிருது."

அவர் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நட்டு எழுந்து ஜன்னலைத் திறந்து, விசிறியையும் போட்டாள்.

இன்னொரு சிட்டிகை. சோதனை ஓட்டம். எண் ஏறியது, நின்றது.

"ஒரே மிதியா மிதிச்சுப் பார்த்துடேன்" என்றார்.

"பதறாத காரியம் சிதறாதுப்பா."

மூன்றாவது சிட்டிகையில் திரை அப்படியே உறைந்தது. கிழவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"போச்சா?"

"போகல. அது தாங்குற அளவைத் தாண்டிட்டேன். ஒரு படி இறங்கிக்கிறேன். வோல்டேஜை மட்டும் தொடவே மாட்டேன். பழைய மெஷினுக்கு எமன் அதுதான்."

"அதைத் தொட்டா செத்துடுமா?"

"உங்களுக்கு ஏம்ப்பா இவ்வளவு பயம்? நான் இருக்கேன்ல."

கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. சோதனை நெடுநேரம் ஓடியது. எண் ஓரிடத்தில் உட்கார்ந்தது, நகரவில்லை. நட்டு பெட்டியை மூடி ஸ்குரூவை முடுக்கினாள்.

"இனி குதிரை. அம்மாவைக் கூப்பிடுங்க, உங்க பொண்ணு அங்க காத்துக்கிட்டிருப்பா."

கிழவர் உள்ளறையில் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். தலையை அவரே வாரி விட்டிருந்தார். வகிடு கோணலாக இருந்தது. உட்காரவைத்து, குனிந்து, காதில் ஏதோ சொன்னார். அதையே மறுபடி சொன்னார்.

"இந்த வயசுல என்ன ரகசியம்?" என்று நட்டு கிண்டல் பண்ணினாள்.

அவர் காதில் விழவில்லை. மேசைக்கு அடியில் அவர் கால் சுவிட்சுப் பெட்டியைத் தேடியது. எட்டவில்லை. நட்டு அதைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தாள்.

மகள் வந்தாள். திரை நிறைய, பளிச்சென்று. மூக்குத்தியின் கல் மின்னியது.

"அம்மா, நான் தெளிவா தெரியுறேனா?"

அம்மா பார்த்தாள். முகம் மலர்ந்தது. கிழவர் பக்கம் திரும்பி, இடைவெளியே இல்லாமல் கேட்டாள்.

"எவ்வளவு லட்சணமா இருக்கா. யார் வீட்டுப் பொண்ணுங்க இது?"

ஸ்குரூ டிரைவரைப் பையில் போடப்போன நட்டுவின் கை அந்தரத்தில் நின்றது.

மெஷின் இழுக்குதும்மா என்று சொல்லக் கிழவர் வாயெடுத்தார்.

திரையில் மகள் ஒருமுறை இமை கொட்டினாள். அதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.